கழுவிய பிரதி

ஏல எண் நூற்றுப் பதினேழு.
காற்றின் எடை பற்றி லத்தீனில் ஒரு நூல்.
அச்சான ஆண்டு 1688.
செப்புத் தகட்டுப் படங்கள் பத்தொன்பது,
கன்றுத்தோல் அட்டை, முதுகில் பொன் தேய்ந்திருக்கிறது.
தாள்களை எண்ணினேன், இரண்டு முறை.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோபன்ஹேகனில் ஜனவரி.
மூன்றரைக்கெல்லாம் ஜன்னல் கறுத்துவிடும்.
விற்க வந்தவர் ஆர்ஹுஸில் பல் மருத்துவர், ஸ்கோவ்கோர் என்று பெயர்.
"ஒரு கறை உண்டா பாருங்கள்" என்றார்,
தான் கட்டிய பல்வரிசையைக் காட்டுவது போல.

கறை இல்லைதான்.
ஆனால் முந்நூறு வயதுத் தாள்
இவ்வளவு வெளுத்திருக்கக் கூடாது.
கைபடாத புத்தகம் இருக்கலாம்,
மூச்சுப் படாத புத்தகம் இருக்க முடியாது.
முகர்ந்து பார்த்தேன்.
எந்த வாசனையும் இல்லை.

மேஜை விளக்கை அணைத்து
புற ஊதா விளக்கைப் போட்டேன்.

ஓரங்களில் எழுந்து வந்தாள் ஒருத்தி.
பழைய டேனிஷ், சாய்ந்த கையெழுத்து,
'ன்'னுக்கும் 'ம்'முக்கும் வித்தியாசம் பார்க்காத அவசரம்:

பாதரசம் 28 அங்குலம், 1 கோடு. தெளிவு.
27, 9. வடமேற்குக் காற்று. துவைத்தது காயவில்லை.
27, 2. இவ்வளவு இறங்கி நான் கண்டதில்லை.
என் ஹார்ட்விக் கடலில்.

பக்கத்தைத் திருப்பினேன்.

27, 4.
27, 8. மேகம்.
28. தெளிவு.

அறுபத்தோரு நாள் குறித்திருக்கிறாள்.
ஹார்ட்விக் என்ற பெயர் அப்புறம் எங்கும் வரவில்லை.
பாதரசம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நூற்றைம்பது வருடம் முன்னால்
யாரோ ஒரு பைண்டர்
தையலைப் பிரித்து, தாள்களை அமிலத்தில் முக்கி,
அலசி, கொடியில் உலர்த்தியிருக்கிறான்.
அவளைப் போலல்ல, அவன் துவைத்தது காய்ந்துவிட்டது.
நல்ல கூலியும் கிடைத்திருக்கும்.
சுத்தம் சோறு போடும்.

பட்டியலில் எழுதினேன்:
கழுவிய பிரதி. ஓரக் குறிப்புகள் அழிக்கப்பட்டுள்ளன.
புற ஊதா ஒளியில் முழுவதும் படிக்கலாம்.
போடில் கடைசி வாக்கியத்தை அடித்தாள்.
"முதலிரண்டும் குறை, சொல்லியாக வேண்டும்.
மூன்றாவது கதை. கதைக்கு இடமில்லை."
இரண்டு லட்சம் குரோனர் மதிப்பு
எழுபதாயிரமாயிற்று.
பல் மருத்துவர் தொலைபேசியில் கத்தினார்.
உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்று இருந்துவிட்டேன்.

ஏலத்தன்று பனி.
பாதி நாற்காலிகள் காலி.
கழுவியது என்ற சொல் எனக்கு முன்பே வந்து
கூடத்தில் உட்கார்ந்திருந்தது.
முப்பதில் தொடங்கினார்கள்.
நூலகத்துக்காரர் நாற்பத்து நான்கில் அட்டையை மடியில் வைத்தார்.
நாற்பத்தாறாயிரத்தில் சுத்தியல் விழுந்தது,
பின்வரிசை தோர்கில்டுக்கு.

தோர்கில்டை எங்களுக்கெல்லாம் தெரியும்.
புத்தகம் வாங்கமாட்டார், படம் வாங்குவார்.
கத்தி, சட்டம், கண்ணாடி, அவ்வளவுதான் கடை.
பத்தொன்பதை நாலாயிரத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான்
கையைத் தூக்கியிருப்பார்.
இரண்டு லட்சத்தில் அந்தப் புத்தகத்தைக்
கத்தியிடம் கொடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.
நாற்பத்தாறில் ஆகும்.
அந்த வித்தியாசம் என் கையெழுத்து.

ஊழியர்கள் ஏலம் கேட்கக் கூடாது.
நான் விதியை மீறவில்லை.
அறுபத்தோரு நாளையும் மட்டும்
மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்.
எதற்கென்று கேட்டால் பதில் இல்லை.

ஜூனில் ஓடென்ஸ் போனேன், அக்காள் மகள் கல்யாணம்.
விடுதியின் இரண்டாம் மாடி,
தீயணைப்பு உருளைக்கும் ஐஸ் இயந்திரத்துக்கும் நடுவே
சட்டத்துக்குள் ஒரு கண்ணாடிக் குழாய்,
பக்கத்தில் மண்டியிட்ட விக் வைத்த மனிதன்.
பதினொன்றாம் படம்.
சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு சின்ன விளக்கு உண்டு.
தாழ்வாரத்து வெளிச்சத்தைக் கையால் மறைத்து
ஓரத்தில் அடித்தேன்.

28, 3. மாவு பொங்கவில்லை.

துண்டுகள் சுமந்து வந்த பெண் நின்றாள்.
"என்ன தேடுகிறீர்கள்?"
"வானிலை" என்றேன்.
"மழை பெய்கிறது" என்று சொல்லிவிட்டு
அடுத்த கதவைத் தட்டப் போனாள்.